ஃப்ராகாஸ் பூசினால் சம்பங்கி மணக்க வேண்டாமா?

வாசகி ஒருவரின் கேள்வி, மார்ச் 3

"சம்பங்கி சென்ட் என்றால் ஃப்ராகாஸை மிஞ்ச ஒன்றுமில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம்பி, சின்னக் குப்பியில் பிரித்து விற்பவரிடம் வாங்கினேன். எனக்கு அதில் சம்பங்கியே தெரியவில்லை. வெண்ணெயும் பபிள்கமும்தான் அடிக்கிறது. எங்கள் தெருமுனைப் பூக்கார அம்மாவிடம் ஒரு முழம் வாங்கினால் இதைவிட நல்ல சம்பங்கி கிடைக்கும். பேரை வைத்து ஏமாற்றுகிறார்களா? ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனால் 'வீட்டில் ஏதாவது விசேஷமா' என்று வேறு கேட்கிறார்கள்."

மார்ச் 3, இரவு

யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் மூக்கும் சரியாகத்தான் இருக்கிறது. வெண்ணெய், பபிள்கம் இரண்டும் அதற்குள் இருக்கின்றன.

ஃப்ராகாஸ் 1948இல் வந்தது. பாரிஸில் தையலகம் வைத்திருந்த ரொபேர் பிகே என்பவருக்காக ஜெர்மேன் செலியே செய்தது. ஆண்களே நிறைந்திருந்த தொழிலில், வேதியியல் படித்துவிட்டு வந்து நின்ற பெண். அவர் செய்தவற்றைப் பாருங்கள்: 1944இல் பாண்டிட், தோலும் புகையுமாக. 1947இல் பால்மனுக்கு வான் வேர், பச்சை இலையைக் கிள்ளி மூக்கில் வைத்த மாதிரி. அளந்து அளந்து போடும் ஆள் இல்லை. எதை எடுத்தாலும் வாரிப் போடுவார். அப்படிப்பட்டவர் சம்பங்கியை எடுத்தால் பூக்கடை முழமா வரும்?

அவர் சம்பங்கியோடு மல்லிகை, ஆரஞ்சுப்பூ, பீச் பழ வாடை, கஸ்தூரி, சந்தனம் என்று நிறையச் சேர்த்திருக்கிறார். அந்த வெண்ணெய் பெரும்பாலும் லாக்டோன்களின் வேலை. பீச் பழத்திலும் தேங்காயிலும் பாலிலும் வருகிற கொழுகொழு வாசனைப் பொருள்கள் அவை. சம்பங்கிப் பூவிலேயே கொஞ்சம் உண்டு, செலியே அதைப் பெரிதாக்கிவிட்டார். பபிள்கம் வருவது மெத்தில் ஆந்த்ரனிலேட்டால். ஆரஞ்சுப்பூவில் இயற்கையாக இருக்கிறது. திராட்சை மிட்டாயில் போடுவதும் இதைத்தான்.

ஆக, ஃப்ராகாஸ் சம்பங்கியின் நகல் கிடையாது. பூ மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் அது தோற்கும். அந்த அளவுகோலை வைத்தால் இந்த வகையில் எல்லாமே தோற்கும்.

மார்ச் 4

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. எப்படி முகர்ந்தீர்கள்? மணிக்கட்டில் அடித்து உடனே மூக்கை வைத்தீர்கள் என்றால் அது சென்ட்டைப் பார்க்கும் முறை இல்லை. முதல் கால் மணி நேரம் ஆல்கஹாலும் மேல்வாசனையும் போட்டி போடும். இந்த மாதிரி கனமான வெள்ளைப்பூ சென்ட்டுக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். அப்புறம் நீங்கள் முகராதீர்கள். வீட்டில் இருப்பவர்களை அறைக்குள் வரச் சொல்லி, எத்தனை அடி தூரத்தில் தெரிகிறது என்று கேளுங்கள்.

நம் மூக்கு நம் சென்ட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடும். போட்டவளுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரியும். "போய்விட்டதே" என்று மறுபடி அடித்துக்கொள்வதில்தான் பாதிப் பேர் கெட்ட பேர் வாங்குகிறார்கள்.

மார்ச் 9

பூவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் அம்மா வழிச் சொந்தம் சத்தியமங்கலம் பக்கம். சம்பங்கித் தோட்டத்தில் விடுமுறைகள் கழிந்திருக்கின்றன, அதனால் எனக்கு இதில் பட்சபாதம் உண்டு என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

தோட்டத்தில் நிற்கும் சம்பங்கியை அந்தி சாய்ந்தபின் குனிந்து முகர்ந்திருக்கிறீர்களா? முதலில் வருவது இனிப்பு இல்லை. சுளுக்குத் தைலம் மாதிரி ஒரு குளிர்ச்சி. மெத்தில் சாலிசிலேட், தைலத்தில் இருக்கும் அதே பொருள், பூவிலும் இருக்கிறது. அதற்குப் பின்னால் பால், அதற்கும் பின்னால் லேசாக ஒரு அழுக்கு. அந்த அழுக்குதான் இண்டோல். மல்லிகையிலும் இருக்கிறது, ஆரஞ்சுப்பூவிலும் இருக்கிறது. தனியாக, கெட்டியாக முகர்ந்தால் அந்துருண்டையும் கழிவறையும் கலந்த மாதிரி இருக்கும். பூவுக்குள் நூற்றில் ஒரு சிறு பங்காக இருக்கும்போது, "இது உயிருள்ள பூ" என்று மூக்குக்குச் சொல்வதே அதுதான். ராத்திரி தலையில் வைத்த மல்லி காலையில் பழுப்பேறி ஒரு மாதிரி வாடை அடிக்குமே, அங்கே மேலே இருந்த இனிப்பு பறந்து இண்டோல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

பூக்காரர் தரும் முழத்தில் உங்களுக்குக் கிடைப்பது இந்த மொத்தமும்: தைலம், பால், அழுக்கு, ஈர வாழைநார், பக்கத்துக் கூடை மரிக்கொழுந்து. ஃப்ராகாஸில் தைலத்தை அடக்கிவிட்டார்கள், பாலை ஏற்றிவிட்டார்கள், அழுக்குக்குப் பட்டு உடுத்திவிட்டார்கள்.

பறித்த பிறகும் வாசனையை விட்டுக்கொண்டே இருக்கிற பூ இது. அதனால்தான் பிரான்சின் கிராஸ் ஊரில் அந்தக் காலத்தில் மல்லிகையையும் சம்பங்கியையும் கண்ணாடிச் சட்டத்தில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பரப்பி வைத்தார்கள். பூ கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைக் கொழுப்பு வாங்கிக்கொள்ளும். நீராவியில் காய்ச்சினால் இந்தப் பூக்களின் வாசனை கெட்டுவிடும். இப்போது ஹெக்சேன் கரைப்பானில் எடுக்கிறார்கள். முதலில் வருவது மெழுகு மாதிரி ஒரு கட்டி, அதற்கு கான்கிரீட் என்று பெயர் (வீடு கட்ட ஆகாது). அதை ஆல்கஹாலில் கழுவி எடுத்தால் சென்ட்டில் போடுகிற சாறு, அதற்கு அப்சலூட் என்று பெயர். ஒரு கிலோ சம்பங்கி கான்கிரீட்டுக்கே கிட்டத்தட்ட ஒரு டன் பூ போகும். உலகத்தில் இன்றைக்குப் புழங்கும் சம்பங்கிச் சாற்றில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளைந்த பூவிலிருந்து வருவதுதான். பாரிஸ் குப்பியில் நம் ஊர்ச் சம்பங்கி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குப்பியில் அதை எழுத மாட்டார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 10

"இவ்வளவு அழுக்கா பூவில்? இனி தலையில் எப்படி வைப்பது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் வைத்த மாதிரியே வையுங்கள்.

ஏப்ரல் 21

வெயில் ஏறிவிட்டது, கேள்விகளும் ஏறிவிட்டன. "சென்னையில் ஃப்ராகாஸ் போடலாமா, கூடாதா?"

போடலாம். ஒரே ஒரு ஸ்பிரே, அதுவும் கழுத்தில் வேண்டாம். உடல் சூடும் காற்றின் சூடும் சேர்ந்தால் எந்த சென்ட்டும் வேகமாக ஆவியாகும். பாரிஸ் குளிருக்குத் தோதாக, கம்பளிக் கோட்டுக்கு அடியிலிருந்து மெல்லக் கசிவதற்காகச் செய்த ஒன்று சித்திரை மாதத்தில் மாநகரப் பேருந்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்காலுக்குப் பின்னால், அல்லது வயிற்றில் ஒரு முறை. அங்கிருந்து மேலே வர நேரம் எடுக்கும், துணியும் வடிகட்டும்.

நான் வெயில் காலத்தில் இதை எடுப்பது இரவுக் குளியலுக்குப் பிறகுதான், மொட்டை மாடியில் உட்காரும்போது. கேட்பார் இல்லை, முகர்வார் இல்லை. அந்த நேரத்தில் இது வேறு சென்ட். காற்று வந்து வந்து அதைக் கலைத்துவிட்டுப் போகும், பபிள்கம் எங்கே போனதென்றே தெரியாது.

ஏப்ரல் 24

ஒரு அண்ணன் எழுதுகிறார்: "சம்பங்கி என்றாலே எனக்குச் சாவு வீட்டு மாலைதான் ஞாபகம் வருகிறது. என் மனைவி இதைப் போட்டால் வீட்டில் படுக்க முடியாது."

இதற்கு வேதியியலில் பதில் இல்லை. கல்யாண மாலையிலும் அதே சம்பங்கி, பெரிய காரியத்திலும் அதே சம்பங்கி. யாருக்கு எந்த மாலை முதலில் மனசில் பதிந்ததோ அது. உங்கள் வீட்டில் மல்லிகைப் பக்கம் சாய்ந்த ஒன்று சரிப்படும். அவருக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்றால், நீங்கள் பக்கத்து அறையில் படுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கோபிக்க வேண்டாம், அண்ணா.

மே 17

ஆபீஸ் விஷயம். மார்ச்சில் கேள்வி கேட்டவருக்கு இதைச் சரியாகச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அவர் மறுபடி வந்து கேட்டிருக்கிறார்.

இந்தச் சண்டை புதிதில்லை. 1981இல் அமெரிக்காவில் ஜார்ஜியோ என்று ஒன்று வந்தது, அதுவும் ஆரஞ்சுப்பூ, சம்பங்கி, மல்லிகைக் கூட்டம்தான். 1985இல் டியோர் பாய்சன், சம்பங்கியோடு பழரசத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி. இரண்டில் எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் உள்ளே விடாத உணவகங்கள் இருந்ததாகக் கதை கதையாகச் சொல்வார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் என்று பல இடங்களில் சென்ட்டே போடாமல் வரச் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு மனசு. ஆஸ்துமா இருப்பவருக்கும் ஒற்றைத் தலைவலி இருப்பவருக்கும் அடுத்த நாற்காலியிலிருந்து வரும் ஃப்ராகாஸ் உண்மையான தொந்தரவு. ஏசி அறையில் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது, எழுந்து போகவும் முடியாது. அந்த இடத்தில் ரசனை, சுதந்திரம் என்றெல்லாம் பேசுவது நியாயமில்லை.

ஆனால் "ஜாஸ்தியா இருக்கு" என்ற பேச்சு யாரை நோக்கி வருகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். இரண்டு மேசை தள்ளி ஒரு ஆண் கடல் வாசனை, மர வாசனை என்று கழுத்து முழுக்க அடித்துக்கொண்டு வருவார், லிஃப்ட் மூடித் திறந்தபின்னும் நிற்கும். அவரை யாரும் வீட்டில் விசேஷமா என்று கேட்டதில்லை. பெண் ஒருத்தி உரத்த பூவைப் போட்டால் மட்டும் அது ஒரு அறிவிப்பாகிவிடுகிறது. யாருக்காகப் போட்டாள், எங்கே போகிறாள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆபீசுக்கு வேண்டாம். வேலை முடிந்து கிளம்பும்போது போடுங்கள்.

மே 18

"அப்படியானால் அந்த ஆணையும் நிறுத்தச் சொல்லுங்கள்" என்று பதில்கள் வந்திருக்கின்றன. சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை.

ஜூன் 30

ஃப்ராகாஸ் பிடிக்காதவர்கள் வேறு எதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு, நான் போட்டுப் பார்த்தவற்றை மட்டும் வைத்து:

பூவுக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்றால் கார்னல் ஃப்ளவர். ஃபிரெடெரிக் மால் நிறுவனத்துக்காக டொமினிக் ரோபியோன் 2005இல் செய்தது. பச்சைத் தண்டை ஒடித்த வாசனையும் யூகலிப்டஸ் குளிர்ச்சியும் இருக்கிறது. தோட்டத்துச் சம்பங்கி தேடுபவர்களுக்கு இதுதான் விடை, விலையைக் கேட்டால் தோட்டத்தையே குத்தகைக்கு எடுத்துவிடலாம் என்று தோன்றும்.

அந்தத் தைல வாடையைக் கூட்டிப் பார்க்கும் துணிச்சல் இருந்தால் செர்ஜ் லுட்டான்ஸின் டூபெரூஸ் கிரிமினெல், 1999. கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் செய்தது. முதல் பத்து நிமிடம் சுளுக்கு மருந்தும் பெட்ரோலும். பொறுத்திருந்தால் நல்ல பூ வரும். என் வீட்டில் பொறுக்கவில்லை.

கடையில் எளிதாகக் கிடைப்பது குச்சி ப்ளூம், 2017, ஆல்பெர்டோ மொரியாஸ். சம்பங்கி, மல்லிகை, கூடவே ரங்கூன் மல்லி. நம் ஊரில் காம்பவுண்டுச் சுவரெல்லாம் படர்ந்து கிடக்கும் கொடியை வெளியூர்க்காரர்கள் அபூர்வப் பூவாகச் சொல்வதைப் படிக்கச் சிரிப்பாக இருந்தது. சோப்புப் போட்டுக் குளித்த சுத்தம் இதில் இருக்கிறது, ஆபீசுக்கும் ஓடும். எனக்கு அலுத்துவிடும்.

ஜூலை 14

கடைத்தெருவில் சின்னச் சீசாவில் "ஒரிஜினல் சம்பங்கி அத்தர்" விற்கிறார்களே, அது பரவாயில்லையா?

ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு எவ்வளவு பூ போகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். சந்தையில் பூ விலையை விசாரித்துவிட்டு அந்தச் சீசா விலையைப் பாருங்கள். கணக்கு உதைக்கும். உள்ளே இருப்பது செயற்கை வாசனைப் பொருளும் கரைப்பானும்தான். அதனால் கெட்டது என்று ஆகிவிடாது, ஃப்ராகாஸிலும் செயற்கைப் பொருள் நிறைய. கார்டீனியா வாசனை வேண்டுமென்றால் சென்ட் செய்பவர்கள் வேறு பொருள்களைச் சேர்த்துத்தான் அதை உண்டாக்குகிறார்கள், அந்தப் பூவிலிருந்து வணிகத்துக்கு ஆகிற மாதிரி சாறு கிடைப்பதில்லை. "ஒரிஜினல்" என்று சொல்வதில்தான் எனக்குச் சண்டை. பிடித்தால் வாங்குங்கள். தோலில் நேரடியாகத் தடவும் முன் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள்.

செப்டம்பர் 9

ஆவணிக் கல்யாணங்கள் முடிந்து எழுதுகிறேன். பட்டுப்புடவையின் மேல் சென்ட் அடிக்காதீர்கள். ஆல்கஹாலும் எண்ணெய்ப் பசையும் பட்டில் வட்டமாகக் கறை விடும், ஜரிகையும் கறுக்கும். கட்டுவதற்கு முன் தோலில் போட்டுக் காய விடுங்கள். என் வழக்கம், பருத்தி உள்பாவாடையின் கீழ் விளிம்பில் ஒரு ஸ்பிரே. நடக்க நடக்க வரும், அடுத்த நாள் துவைக்கப் போடும் வரை இருக்கும்.

இப்படித்தான் முகூர்த்தத்துக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் என் அத்தை கூடத்தில் நின்றுகொண்டு, "பூ வாங்கினியாம்மா? எங்க வெச்சிருக்க, ஃபிரிட்ஜுல காணமே" என்றார். நான் வாங்கவில்லை. சம்பங்கியா மல்லியா என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கு, இன்னும் என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டு சாமி அறைக்குள் தேடப் போய்விட்டார். அத்தை சென்ட் என்று நினைக்கவே இல்லை. மார்ச் 3 அன்று "பூ மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் தோற்கும்" என்று எழுதியிருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தோற்கும் போலிருக்கிறது. ஒரு அறை தள்ளி, பல மணி நேரம் கழித்து, பூக்கட்டியே பழகிய மூக்குக்குக்கூட அது பூவாகத்தான் போய்ச் சேருகிறது.

அக்டோபர் 20

மழைக்காலத்தில் இதை எதோடு சேர்க்கலாம் என்று விளையாடிப் பார்த்தேன். கதம்பம் கட்டுபவர்கள் இதற்கு எப்போதோ விடை வைத்திருக்கிறார்கள்: மல்லிக்கு நடுவே மரிக்கொழுந்து. இனிப்பு திகட்டும் இடத்தில் ஒரு பச்சைக் கசப்பு. அதே யோசனையில், முதலில் வெட்டிவேர் எண்ணெய் ஒரு துளியைத் தேங்காயெண்ணெயில் கலந்து கையில் தடவி, மேலே ஃப்ராகாஸ். வெண்ணெய் பாதி குறைந்து, ஈர மண்ணில் நட்ட பூ மாதிரி ஆனது. ஜவ்வாதோடும் வைத்துப் பார்த்தேன். வேண்டாம். இரண்டும் கஸ்தூரிப் பக்கம் போய், யார் பெரியவர் என்று முட்டிக்கொள்கின்றன.

தாழம்பூவோடு சேர்த்தால் என்ன என்று கேட்கிறார் ஒருவர். தலைவலித் தைலத்தைக் கையில் வைத்துக்கொண்டு முயற்சி செய்யுங்கள்.

அக்டோபர் 22

ஆண்கள் போடலாமா? வளைகுடாவில் மல்லிகையையும் ரோஜாவையும் ஊத் என்கிற அகில் மர வாசனையோடு சேர்த்து ஆண்கள் தாராளமாகப் போடுகிறார்கள். பெண்களுக்கு என்பது விற்பவர் ஒட்டும் சீட்டு. மேலே மனைவியின் சென்ட்டைப் பற்றிக் குறைப்பட்ட அண்ணன் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

டிசம்பர் 27

மார்கழிக் கச்சேரி. ஏசி அரங்கம், அடுத்தடுத்த நாற்காலி, சுற்றிலும் பட்டும் மல்லியும், வெளியே கேண்டீனிலிருந்து நெய்ப்பொங்கல். எனக்கு முன்வரிசையில் யாரோ ஃப்ராகாஸ், அல்லது அதன் தங்கை ஏதோ ஒன்று. தனியாவர்த்தனம் வரைக்கும் என் கவனம் அதில்தான் இருந்தது. பிடித்த சென்ட்தான், ஆனால் தப்பிக்க வழியில்லாமல் இரண்டரை மணி நேரம் அடுத்தவர் கழுத்திலிருந்து வரும்போது பாடகர் என்ன ராகம் எடுத்தார் என்பதே மறந்துபோகிறது. மல்லி அப்படிச் செய்வதில்லை. அது வரும், போகும், ஏசிக் குளிரில் அடங்கும். சென்ட்டில் கஸ்தூரியும் சந்தனமும் பூவைப் பிடித்து வைத்திருப்பதால் அடங்குவதே இல்லை.

ஏப்ரலில் ஒரு ஸ்பிரே என்று எழுதினேன். அரங்கத்துக்கும் திரையரங்குக்கும் ஸ்லீப்பர் பஸ்ஸுக்கும் அந்த ஒன்றும் வேண்டாம்.

ஜனவரி 8

முதலில் கேள்வி கேட்டவரின் செய்தி: சின்னக் குப்பி தீர்ந்துவிட்டதாம். இப்போதும் சம்பங்கி தெரியவில்லையாம், ஆனால் வெண்ணெய் பிடித்துப்போய்விட்டதாம். முழுப் பாட்டில் வாங்கலாமா, பழைய காலத்து பாட்டில் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, அதை வாங்கலாமா என்கிறார்.

பழையதை வாங்காதீர்கள். பிகே 1951இல் தையலகத்தை மூடினார், 1953இல் இறந்துவிட்டார். பெயர் கைமாறி, கலவையும் காலப்போக்கில் மாறித்தான் இப்போதைய பாட்டில் வந்திருக்கிறது. பழையது உயர்வாக இருக்கலாம், வெயிலில் கிடந்து மேல்வாசனை கெட்டும் இருக்கலாம், முகராமல் தெரியாது. புதியதில் சின்ன அளவு வாங்குங்கள். குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். பீரோவுக்குள், அட்டைப் பெட்டியோடு வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு ஸ்பிரே என்றால் அந்தச் சின்ன பாட்டிலே தீர நாளாகும்.

தோழி, ஆபீசில் மறுபடி விசேஷமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். என்ன விசேஷம் என்று கேட்டால், சம்பளம் வந்தது என்று சொல்லுங்கள்.